கொலை விழுவதற்கு முன் கூட வேண்டிய குழு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"தனிப்படை அமைத்து போலீசார் தேடி வருகின்றனர்" என்ற வரி இல்லாமல் நம் நாளிதழ்களில் ஒரு கொலைச் செய்தி முடிவதில்லை. அந்தத் தனிப்படை கொலை விழுந்த பிறகு புறப்படுவது. இந்தப் பக்கம் அதற்கு முன்னால் கூட வேண்டிய குழுவைப் பற்றியது. ஒரு நகரத்தில் அடுத்த கொலை நடக்காமல் தடுக்க யாரை அழைப்பது, எதைச் செய்வது, எங்கே சறுக்கும் என்று கேட்பவர்களுக்காக எழுதியது. உதாரணமாகப் பெரும்பாலும் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தை எடுத்துக்கொண்டிருக்கிறேன். 1990களில் அங்கே எழுதப்பட்ட விடைத்தாளைப் பார்த்துத்தான் பிறகு பல நகரங்கள் எழுதின. அதிலிருந்த பிழைகளையும் சேர்த்தே எழுதியவர்கள் உண்டு.

பாஸ்டனில் அப்போது என்னதான் நடந்துகொண்டிருந்தது?

1980களின் பிற்பகுதியில் கிராக் என்ற மலிவுவிலைக் கோகெய்ன் ராக்ஸ்பரி, டார்செஸ்டர், மட்டப்பான் பகுதிகளுக்குள் வந்தது. கூடவே துப்பாக்கியும் வந்தது. 24 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்களில் 1987இல் கொல்லப்பட்டவர்கள் 22 பேர். 1990இல் 73 பேர். அந்த ஆண்டு நகரம் முழுக்க 152 கொலைகள். பிறகு வேகம் கொஞ்சம் தணிந்தாலும், 1991 முதல் 1995 வரை ஆண்டுக்குச் சராசரியாக 44 இளைஞர்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். ஊர் அதற்குப் பழகிப்போயிருந்தது.

போலீஸ் சும்மா இருக்கவில்லை. கையில் சிக்கியவர்களையெல்லாம் நிறுத்திச் சோதித்தது. அதனால் கெட்டபெயர்தான் மிஞ்சியது. 1989 அக்டோபரில் சார்ல்ஸ் ஸ்டூவர்ட் என்ற வெள்ளைக்காரர் தன் கர்ப்பிணி மனைவியைச் சுட்டுவிட்டு, யாரோ ஒரு கறுப்பின ஆள் சுட்டதாகக் கதை கட்டினார். போலீஸ் அதை நம்பி மிஷன் ஹில் பகுதியின் கறுப்பின இளைஞர்களைச் சுவரோரம் நிற்கவைத்துத் தடவிப் பார்த்தது. 1990 ஜனவரியில் குட்டு வெளிப்பட, அவர் பாலத்திலிருந்து குதித்து இறந்தார். போலீஸ் மேல் அந்தத் தெருக்களுக்கு இருந்த கொஞ்சநஞ்ச நம்பிக்கையும் அதோடு போயிற்று. பின்னால் சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் இது முக்கியம். சாட்சி சொல்ல ஆள் வராத ஊரில் எந்தப் படையாலும் கொலையைத் துப்புத்துலக்க முடியாது.

குழுவில் யார் யார் இருந்தார்கள்?

1995 தொடக்கத்தில் மத்திய அரசின் ஆய்வு நிதியோடு, ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் கென்னடி பள்ளியைச் சேர்ந்த டேவிட் கென்னடி, ஆந்தனி பிராகா, ஆன் பீல் ஆகிய மூவரும் பாஸ்டன் போலீசின் இளைஞர் வன்முறைத் தடுப்புப் பிரிவோடு உட்கார ஆரம்பித்தார்கள். போகப்போக மேசை நீண்டது. நன்னடத்தை அலுவலர்கள் வந்தார்கள். மாவட்ட அரசு வழக்கறிஞர் அலுவலகமும் மத்திய அரசு வழக்கறிஞர் அலுவலகமும் வந்தன. துப்பாக்கி வியாபாரத்தைக் கண்காணிக்கும் மத்திய அமைப்பு வந்தது. மாநகராட்சியின் தெருப் பணியாளர்கள் வந்தார்கள். கும்பல் பையன்களோடு தெருமுனையிலேயே நின்று பேசிப் பழகுவதுதான் இவர்கள் வேலை. கடைசியாகப் போதகர்கள் சேர்ந்தார்கள்.

கவனித்தால் ஒன்று புரியும். இவர்களில் யாருக்கும் புதிய அதிகாரம் எதுவும் தரப்படவில்லை. ஏற்கனவே ஆளுக்கொரு பிடி வைத்திருந்தவர்கள்தான். ஆனால் ஒருவர் கையில் இருப்பது மற்றவருக்குத் தெரியாது. நன்னடத்தை அலுவலரையே எடுத்துக்கொள்ளுங்கள். இரவு எட்டு மணிக்குமேல் வெளியே வரக்கூடாது என்று நீதிமன்றம் ஒரு பையனுக்கு நிபந்தனை விதித்திருக்கும். அது அவருக்குத் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் அவர் வீட்டில் இருப்பார். தெருவில் நிற்கும் போலீஸ்காரருக்கோ பையனைத் தெரியும், நிபந்தனை தெரியாது. குழு கூடுவதற்கு முன்பே, 1992இல், இந்த இரண்டு பேரும் ஒரே காரில் ஏறி இரவு ரோந்து போனார்கள். அவ்வளவுதான் செய்தது, பையன்கள் வெலவெலத்துப்போனார்கள்.

குழு செய்த முதல் வேலை என்ன?

வரைபடத்தை மேசையில் விரித்தது. தெருவில் வேலை செய்யும் போலீஸ்காரர்கள், நன்னடத்தை அலுவலர்கள், தெருப் பணியாளர்கள் எல்லோரையும் உட்காரவைத்து, எந்தத் தெரு எந்தக் கும்பல் கையில், எத்தனை பேர், யாருக்கும் யாருக்கும் பகை, யாருக்கும் யாருக்கும் உறவு என்று கோடு போடச் சொன்னார்கள். பிறகு கொல்லப்பட்ட இளைஞர்களின் பட்டியலை எடுத்து ஒவ்வொரு கொலையாகக் கேட்டார்கள்: இது எதற்காக நடந்தது?

கோப்பில் காரணம் எழுதியிருக்காது, ஆனால் அந்த அறையில் இருந்த யாராவது ஒருவருக்குத் தெரிந்திருந்தது. "அதுவா, போன மாதம் அவன் அண்ணனை அடித்தார்களே, அதற்குப் பதில்" என்கிற மாதிரி விவரம் எந்தக் கணினியிலும் இருப்பதில்லை. என்னைக் கேட்டால், மொத்தத் திட்டத்திலும் எந்த ஊரும் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டியது இந்த உட்கார்ந்து பேசுவதைத்தான். செலவு டீயும் பிஸ்கட்டும்.

அந்தக் கணக்கு என்ன சொன்னது?

ஊரெல்லாம் வன்முறை என்ற எண்ணம் பொய் என்று சொன்னது. மொத்தம் 61 கும்பல்கள், அதிகபட்சம் 1,300 பேர். நகரத்தில் அந்த வயதில் உள்ளவர்களில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. இளைஞர் கொலைகளில் குறைந்தது 60 விழுக்காட்டில் இவர்கள் சம்பந்தப்பட்டிருந்தார்கள். செத்தவர்களும் சாகடித்தவர்களும் ஒரே வட்டம்: கொல்லப்பட்டவர்களிலேயே நான்கில் மூன்று பேர் அதற்குமுன் ஏதாவது ஒரு வழக்கில் நீதிமன்றப் படி ஏறியவர்கள்.

காரணமும் எதிர்பார்த்ததாக இல்லை. போதைமருந்து வியாபாரப் போட்டி என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். பெரும்பாலானவை பழைய பகை. பத்திரிகை மொழியில் சொன்னால் பழிக்குப்பழி. யார் தொடங்கியது என்பதே மறந்துபோன சண்டைகளும் இருந்தன. பயந்துபோன பையன் துப்பாக்கி வாங்குகிறான். அவனிடம் துப்பாக்கி இருக்கிறது என்று கேள்விப்பட்டு அடுத்தவன் பயந்து வாங்குகிறான்.

ஆயிரத்துச் சொச்சம் பேர்தானே? எல்லோரையும் பிடித்து உள்ளே போட்டிருந்தால் வேலை முடிந்திருக்காதா?

எதற்காகப் பிடிப்பது? கும்பலில் இருப்பது குற்றம் இல்லை. எல்லோரும் சுடுபவர்களும் இல்லை. ஒரு கும்பலில் நாலைந்து பேர்தான் உண்மையில் ஆபத்தானவர்கள். மற்றவர்கள் கூட நிற்பவர்கள். அந்த மற்றவர்களை உள்ளே தள்ளினால் ஆறு மாதத்தில் மீசை முறுக்கிக்கொண்டு வெளியே வருவார்கள்.

பாஸ்டன் குழுவுக்கு வழி காட்டியது டார்செஸ்டரின் வெண்டோவர் தெருவில் அதற்குமுன் நடந்த ஒரு சம்பவம். அங்கே ஒரு கும்பலுக்குள் சுடும் சண்டை ஓயவில்லை. போலீஸ் அந்தத் தெருவில் வந்து உட்கார்ந்துகொண்டது. பொது இடத்தில் குடித்தால் வழக்கு, வண்டியில் பதிவு எண் சரியில்லையென்றால் வழக்கு, பழைய பிடிவாரண்டு இருந்தால் கைது. கூடவே ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள்: "சுடுவதை நிறுத்தினால் நாங்கள் போய்விடுவோம்." தெருப் பணியாளர்களும் அதையே போய்ச் சொன்னார்கள். கடைசியில் பையன்கள் துப்பாக்கிகளைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். பக்கத்துத் தெருக் கும்பல்களிடம் போலீஸ் "அவர்களுக்கு ஏன் இது நடந்தது தெரியுமா? சுட்டதால்" என்று சொல்லிவைத்தது.

அந்தச் சொல்லிவைத்தலில்தான் சூட்சுமம். தண்டனை எதற்கு என்பது முன்கூட்டியே தெரிந்தால்தான் அதைத் தவிர்க்க முடியும். தெரியாமல் வந்து விழும் அடிக்குப் பயம் வரும், புத்தி வராது.

அழைப்புக் கூட்டம் என்கிறார்களே, அதில் என்ன நடக்கும்?

1996 மே மாதம் டார்செஸ்டர் நீதிமன்றத்தில் முதல் கூட்டம் நடந்தது. வாம்ப் ஹில் கிங்ஸ் என்ற கும்பலுக்குள் கொலைகள் விழுந்துகொண்டிருந்த நேரம். நன்னடத்தைக் கண்காணிப்பில் இருந்தவர்களை அவர்களுடைய அலுவலர்களே வரச்சொன்னார்கள். வந்தவர்களுக்கு எதிரே குழுவில் இருந்த எல்லோரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சொன்னது சுருக்கமானது. உங்களைப் பெயர் பெயராகத் தெரியும். இனி ஒரு கொலை விழுந்தால், சுட்டவன் மட்டுமல்ல, அவன் கும்பல் முழுவதும் எங்கள் எல்லோருடைய கவனத்துக்கும் வரும். விலக நினைப்பவனுக்கு உதவ இதோ ஆட்கள் இருக்கிறார்கள், எண் இது. போய் உங்கள் ஆட்களிடம் சொல்லுங்கள்.

யாரும் கைதுசெய்யப்படவில்லை. வந்தவர்கள் வந்தபடியே திரும்பிப் போனார்கள். இது கட்டாயம். கூட்டத்துக்கு வரச்சொல்லிப் பிடித்துவிட்டால் அடுத்த கூட்டத்துக்கு ஒரு காக்கைகூட வராது.

இது வெறும் மிரட்டல் இல்லையா?

மிரட்டல்தான், அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. நீண்ட குற்றப்பின்னணி உள்ள ஒருவர் ஒரே ஒரு தோட்டாவோடு பிடிபட்டு, மத்தியச் சட்டத்தில் 19 ஆண்டு 7 மாதம் சிறை பெற்றிருந்தார். அவர் படத்தைத் துண்டறிக்கையில் போட்டுக் கூட்டங்களில் கொடுத்தார்கள். அந்தத் தண்டனை நியாயமா என்பது வேறு கேள்வி. எனக்கு நியாயமாகப் படவில்லை. 1996 ஆகஸ்டில், எச்சரித்தும் நிற்காத இன்டர்வேல் தெருக் கும்பலை ஒரே நாளில் வாரி எடுத்தார்கள். மற்றக் கும்பல்களுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

உதவி என்று சொன்னது கிடைத்ததா?

அரைகுறையாக. பல நகரங்களில் இந்தப் பாதிதான் காகிதத்தோடு நின்றுவிடுகிறது. போலீசுக்குக் கூடுதல் நேரப்படி அதே மாதம் வரும், வேலைவாய்ப்புப் பயிற்சிக்கு அடுத்த நிதியாண்டில் வரும்.

போதகர்களுக்கு இதில் என்ன வேலை?

1992 மே மாதம் மட்டப்பானில் மார்னிங் ஸ்டார் பாப்டிஸ்ட் தேவாலயத்தில், சுட்டுக் கொல்லப்பட்ட ஓர் இளைஞனின் இறுதிச் சடங்கு நடந்துகொண்டிருந்தபோது கும்பல் உள்ளே புகுந்து இன்னொருவனைக் குத்தியது. பீடத்துக்கு முன்னால் நடந்த அந்தச் சம்பவம் போதகர்களை உலுக்கியது. யூஜின் ரிவர்ஸ், ஜெஃப்ரி பிரவுன், ரே ஹாமண்ட் முதலிய கறுப்பினப் போதகர்கள் டென் பாயின்ட் கூட்டணி என்று ஒன்றைத் தொடங்கி, வெள்ளிக்கிழமை இரவுகளில் தெருவில் நடக்க ஆரம்பித்தார்கள்.

ஆரம்பத்தில் இவர்கள் போலீசின் கடுமையான விமர்சகர்கள். அதனாலேயே பின்னால் இவர்கள் சொல் எடுபட்டது. போலீஸ் எல்லை மீறினால் பகிரங்கமாகத் திட்டுவார்கள் என்பது ஊருக்குத் தெரியும். ஆகவே "இந்தக் கைது சரிதான்" என்று அவர்கள் சொன்னால் ஊர் கேட்டது. குழுவுக்குள் ஒருவராவது குழுவை எதிர்த்துப் பேசக்கூடியவராக இருக்க வேண்டும். ஆமாம்சாமிகளால் குழுவின் புகைப்படம் மட்டும் நன்றாக வரும்.

பலன் கிடைத்ததா?

ஆண்டுக்கு 44 என்றிருந்த இளைஞர் கொலை 1996இல் 26ஆகவும் 1997இல் 15ஆகவும் இறங்கியது. மாதக் கணக்கில் பார்த்தால் 63 விழுக்காடு சரிவு என்று அதே ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். 1999இல் நகரம் முழுவதும் 31 கொலைகள்தான். "பாஸ்டன் அதிசயம்" என்று பத்திரிகைகள் எழுதின.

அதிசயம் என்ற சொல்லைப் பார்த்தாலே கொஞ்சம் ஒதுங்கி நிற்பது நல்லது. அதே ஆண்டுகளில் அமெரிக்கா முழுக்கவே கொலைகள் குறைந்தன; இப்படி ஒரு குழுவே இல்லாத நகரங்களிலும் குறைந்தன. திட்டத்தை வடிவமைத்தவர்களே மதிப்பெண்ணும் போட்டார்கள். பிற்பாடு வேறு ஆய்வாளர்கள் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தபோது, அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்கள். பின்னர் கலிபோர்னியாவின் ஓக்லாந்து போன்ற ஊர்களிலும் இதே முறை பலன் தந்ததாக ஆய்வுகள் வந்திருக்கின்றன. ஆகவே பலன் உண்டு என்றுதான் நினைக்கிறேன். எவ்வளவு என்று அடித்துச் சொல்பவரை நம்பமாட்டேன்.

துப்பாக்கி இல்லாத, கத்தி புழங்கும் ஊருக்கு இது பொருந்துமா?

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவைப் பாருங்கள். அங்கே கத்திதான். கிழக்குப் பகுதியில் தெருக் கும்பல்கள் பல பத்தாண்டுகளாக வெட்டிக்கொண்டிருந்தன. 2005இல் ஸ்ட்ராத்கிளைட் போலீசில் குற்றத் தகவல் ஆய்வாளரான கேரின் மெக்கிளஸ்கியும் துப்பறியும் அதிகாரி ஜான் கார்னோகனும் வன்முறைக் குறைப்புப் பிரிவைத் தொடங்கினார்கள். மெக்கிளஸ்கி நர்ஸாகப் பயிற்சி பெற்றவர். காலராவைப் போல வன்முறையும் பரவும், எங்கே தொற்றுகிறதோ அங்கே தடுக்க வேண்டும் என்ற பொதுச் சுகாதாரப் பார்வையை அவர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

2008 அக்டோபரில் கிளாஸ்கோ நீதிமன்றத்திலேயே பாஸ்டன் பாணிக் கூட்டம் நடந்தது. போலீஸ் பேசியது, முகம் கிழிந்து வருபவர்களைத் தைக்கும் மருத்துவர் பேசினார், மகனைப் பறிகொடுத்த தாய் பேசினார். கும்பல் பையன்கள் அந்தத் தாயின் முன்னால்தான் தலை குனிந்தார்கள் என்று அப்போது இருந்தவர்கள் சொல்வதுண்டு. உதவிக்கு அழைக்க ஒரு தொலைபேசி எண் கொடுத்தார்கள். பிற்பாடு சிறை சென்று வந்தவர்களை வைத்து ஒரு உணவு வண்டியே நடத்தியது அந்தப் பிரிவு. ஸ்காட்லாந்தில் 2004-05இல் 137 பேர் கொல்லப்பட்டார்கள். 2023-24இல் 57 பேர்.

போலீஸ் கணக்கு ஒன்று போதுமா?

போதாது. வேல்ஸின் கார்டிஃப் நகரில் தாடை, முக அறுவை மருத்துவர் ஜொனாதன் ஷெப்பர்டு, தன்னிடம் அடிபட்டு வருபவர்களில் பெரும்பாலோர் போலீசுக்குப் போவதே இல்லை என்பதைக் கண்டார். பயம், வெட்கம், போனால் தன் மேலேயே வழக்கு வருமோ என்ற கவலை. அதனால் அவசரப் பிரிவில் பதிவு எழுதுபவரே மூன்று கேள்வி கேட்டார்: எங்கே, எப்போது, எதனால் அடிபட்டாய்? பெயரை நீக்கிவிட்டு அந்த விவரம் மட்டும் மாநகராட்சிக்கும் போலீசுக்கும் போனது. எந்த மதுக்கடை வாசலில், எந்தக் கிழமை, எந்த மணிக்குப் பாட்டில் உடைகிறது என்று தெரிந்ததும் அங்கே ஆள் நிறுத்த முடிந்தது. ஒப்பிட்ட மற்ற நகரங்களைவிட வன்முறைக் காயத்தால் மருத்துவமனையில் சேர்பவர்கள் அங்கே 42 விழுக்காடு குறைந்ததாக 2011இல் வெளியான ஆய்வு சொன்னது.

இப்படிப்பட்ட படைகளே அக்கிரமம் செய்த கதைகள் உண்டே?

உண்டு, நிறைய. மெம்ஃபிஸ் போலீஸ் 2021இல் ஸ்கார்பியன் என்று தேள் பெயரில் ஒரு பிரிவைத் தொடங்கியது. பெயர் வைத்தபோதே யாராவது யோசித்திருக்கலாம். 2023 ஜனவரி 7 அன்று அதன் ஆட்கள் டயர் நிக்கல்ஸ் என்ற 29 வயது இளைஞரின் காரை நிறுத்தி அடித்த அடியில் அவர் மூன்று நாளில் இறந்தார். அந்த மாதமே பிரிவைக் கலைத்தார்கள். பால்டிமோரில் துப்பாக்கி தடம்காணும் படை என்று ஒன்று இருந்தது. பிடிபட்டவர்களின் பணத்தைக் கொள்ளையடித்தது, வேலை பார்க்காத நேரத்துக்குப் படி வாங்கியது என்று 2017இல் அதன் அதிகாரிகளே கைதாகிச் சிறைக்குப் போனார்கள்.

இரண்டுக்கும் பொதுவான ஒன்று: மேசையில் போலீஸ் மட்டும்தான் இருந்தது. எத்தனை கைது, எத்தனை துப்பாக்கி என்று எண்ணிக்கை கேட்டார்கள், எண்ணிக்கை வந்தது.

தமிழர்களுக்கு இதில் நேரடி அனுபவம் ஏதாவது உண்டா?

உண்டு. 1990களில் டொராண்டோவின் ஸ்கார்பரோவில் ஈழத்திலிருந்து போன இளைஞர்களிடையே இரண்டு கும்பல்கள் மோதிக்கொண்டன. 1997 டிசம்பரில் ஒரு டோனட் கடையில் எந்தக் கும்பலிலும் இல்லாத பல்கலைக்கழக மாணவர் ஒருவர், வேறு யாரோ என்று நினைத்து, சுட்டுக் கொல்லப்பட்டார். டொராண்டோ போலீஸ் தமிழ்க் கும்பல்களுக்கென்றே தனிப் பிரிவு அமைத்தது. 2001 அக்டோபரில் குடிவரவுத் துறையோடு சேர்ந்து ஐம்பது பேர் அளவில் கைதுசெய்தார்கள். பலர் மேல் நாடுகடத்தும் நடவடிக்கை தொடங்கியது. இன்னொரு பக்கம், கனடியத் தமிழ் இளைஞர்களே 1990களின் இறுதியில் கான்டிட் என்ற அமைப்பைத் தொடங்கி, பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பது, சண்டையை விலக்குவது என்று இறங்கினார்கள். இரண்டும் ஒரே ஊரில், ஒரே பையன்களை வைத்து நடந்தன. கும்பல்கள் ஒடுங்கின. கைதால் ஒடுங்கினவா, பையன்கள் வளர்ந்து கல்யாணம் கட்டியதால் ஒடுங்கினவா என்று அங்குள்ளவர்கள் இன்றும் வாதிடலாம். ஒரு சமூகத்தின் பெயரையே போலீஸ் பிரிவுக்கு வைத்தால், அந்தப் பெயர் உள்ள எல்லாப் பிள்ளைகளும் சந்தேகத்துக்கு ஆளாவார்கள் என்பதில் மட்டும் வாதமில்லை.

இது நம் ஊர் ரவுடிப் பட்டியல் மாதிரித்தானே?

பட்டியல் மட்டும்தான் ஒன்று. இங்கே சரித்திரப் பதிவேட்டில் ஏறிய பெயர் இறங்குவது அபூர்வம். தேர்தல் வந்தால் பிடிப்பார்கள், திருவிழா வந்தால் பிடிப்பார்கள், சும்மா இருந்தவனுக்கும் அதே கதி. இருபது வருடம் சும்மா இருந்தால் என்ன கிடைக்கும் என்று அவனிடம் யாரும் சொல்வதில்லை.

ஒருமுறை குறைத்துவிட்டால் குழுவைக் கலைத்துவிடலாமா?

பாஸ்டன் அதைச் செய்து பார்த்தது. கொலைகள் அடிமட்டத்தில் இருந்த 2000இல் கூட்டங்களை நிறுத்தினார்கள். சிறையிலிருந்து திரும்புபவர்கள், தொடர் குற்றவாளிகள் என்று கவனம் பல பக்கம் பிரிந்தது. பணியில் இருந்தவர்கள் இடம் மாறினார்கள். புதிதாக வளர்ந்த பையன்களுக்கு 1996இன் கூட்டங்கள் அண்ணன்மார் சொன்ன கதை. துப்பாக்கிச்சூடுகள் 2000இல் 162ஆக இருந்தவை 2006இல் 377 ஆயின. 2007இல் அதே முறையைத் தூசிதட்டி எடுத்து மறுபடி தொடங்கினார்கள். ஓக்லாந்திலும் இதே கதை: கொலைகளை ஏறக்குறையப் பாதியாகக் குறைத்த பிறகு, பெருந்தொற்றுக் காலத்தில் அழைப்புக் கூட்டங்கள் நின்றன, திட்டம் நீர்த்தது, எண்ணிக்கை ஏறியது.

கொலை குறைந்த ஆண்டில் குழுவுக்கு நிதி கேட்டுப் போனால் "அதான் குறைந்துவிட்டதே" என்பார்கள். கூடிய ஆண்டில் போனால் "இத்தனை நாள் என்ன செய்தீர்கள்?" என்பார்கள்.